நானில்லீங்க அக்கா

"நானில்லீங்க."

பம்ப் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். நான் அதுவரை வாயையே திறந்திருக்கவில்லை. கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பம்ப் ஹவுஸ் பல்பு ஹோல்டர் உருகிவிட்டதென்று ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இருந்த எங்கள் எலக்ட்ரிக் சாமான் கடைக்கு ஆள் வந்திருந்தது. அப்பாவுக்கு இடுப்பு வலி. நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவருகே நின்று மேலே பார்த்தேன். கறுத்துப்போன ஹோல்டர். அதிலிருந்து இறங்கிய ஒயரை யாரோ சேலைக் கரையைக் கிழித்து உத்தரத்தோடு கட்டியிருந்தார்கள். என் புருவம் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"நானில்லீங்க. நான் இங்க வர்றதுக்கு முன்னாலயே அது அப்படித்தானுங்க. ஒயரு தொங்குச்சு, தலையில இடிச்சுது, கட்டி வெச்சேன். அந்தத் துணிக்கு நான். ஒயருக்கு நானில்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே தண்ணீர் பிடிக்க நின்றிருந்த, எஸ்டேட் கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். எஸ்டேட்டில் அவருக்கு அதுதான் பெயர், நானில்லீங்க அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் காப்பிச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரு?" என்று ஒருவன் கத்த, "நானில்லீங்க!" என்று மற்றவர்கள் கத்திவிட்டு ஓடுவார்கள். அக்கா கையில் கிடைத்த குச்சியை எடுத்து வீசுவார். ஒருவன் மேலும் பட்டதில்லை.

அன்றைக்குச் சிரித்தவர்களையெல்லாம் ஒரு வரிசையில் நிற்கவைத்து இப்போது நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருக்கிறது.

அப்போது நான் சேலத்தில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்திருந்தேன். எலக்ட்ரிகல். வேலை கிடைக்கவில்லை, கை சும்மா இருக்கவும் மறுத்தது. எந்த மோட்டாரைப் பார்த்தாலும் அதன் உடம்பில் திருகியிருக்கும் தகட்டைத் தேடுவேன். எத்தனை குதிரைத்திறன், எத்தனை வோல்ட், முழுச் சுமையில் எத்தனை ஆம்பியர் என்று மோட்டாரின் ஜாதகமே அந்தத் தகட்டில்தான் இருக்கும். தகடு இல்லாவிட்டால் மனசுக்குள் கணக்குப் போடுவேன். கோயிலுக்குப் போனால் எல்லாரும் சாமியைப் பார்க்க, நான் மடப்பள்ளிக்குப் பின்னால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்ப்பேன். "இவளை எவன் கட்டுவான்" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது.

பம்ப் ஹவுஸ் மோட்டாரில் தகடு தெரியவில்லை. மோட்டார் முழுக்க ஒரே பச்சை. எஸ்டேட் பங்களா கேட்டின் பச்சை. அந்தப் பச்சைக்கு மேல் மூன்று பட்டை விபூதி, நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம்.

"இது எத்தனை எச்.பி.ங்க்கா?"

"அதெல்லாம் ஃபிட்டருக்குத்தான் தெரியும் கண்ணு. ஏழரைன்னு சொல்லுவாங்க. எனக்கு ஏழரை எப்பவோ புடிச்சாச்சு, இது புதுசா என்ன புடிக்கப்போவுது" என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே ஹோல்டரை மாற்றிவிட்டு வந்தேன்.

அக்காவோடு பஸ்ஸில் போவது பெரிய பாடு. ஒருமுறை மாரமங்கலம் பஸ்ஸில் அவரும் நானும் ஒன்றாக ஏறினோம். பாதி வழியில் டயர் உட்கார்ந்துவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, நேராக அக்காவின் மூட்டையைக் காட்டினார்.

"இத்தாப் பெரிய மூட்டைய ஏத்துனா டயரு என்னத்துக்கு ஆகும்?"

அக்கா எழுந்தார். தன் மூட்டையை அவரே தூக்கி ரோட்டில் வைத்தார். "இது என்ற மூட்டைங்க. அரிசியும் பருப்புந்தான், தூக்கிப் பாருங்க. அந்த மொளகு மூட்டை ஆருது? அந்தச் சிமிட்டி மூட்டை ஆருது? அந்தக் கட்டில் ஆருது? எல்லாத்தையும் எறக்கி வெய்யுங்க. என்ற மூட்டைக்கு எத்தனை பங்கோ அதுக்கு நான். மீதிக்கு நானில்லீங்க."

"அட, உக்காருக்கா. வெளையாட்டுக்குச் சொன்னா..."

"வெளையாட்டுக்குத்தான் எல்லாரும் சொல்றாங்க. அப்பறம் அதுதான் நெசமுன்னு ஆயிப்போகுது."

பஸ்ஸே அவரைத் திட்டியது. டயர் மாற்றும் நேரத்தைவிட அவரைச் சமாதானப்படுத்தும் நேரம் அதிகமாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லார் மூட்டையும்தான் ஏறியிருக்கிறது, மற்றவர்கள் விளையாட்டென்று விட்டுவிடும்போது இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைத்தேன்.

ஆடு கதையை எஸ்டேட்டில் ஆளாளுக்குச் சொல்லுவார்கள். நாற்றுப்பந்தலில் மிளகுக் கொடி நாற்றை ஆடு மேய்ந்துவிட்டது. வாட்ச்மேன் அக்காவின் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் கட்டினார். அக்கா போய் நின்று சொன்னாராம்: "என்ற ஆடு வந்துதுங்க. நான் பாத்தேன். ரெண்டு கொடிய இழுத்துது. அடிச்சு வெரட்டுனேன். அந்த ரெண்டுக்கு நான் பொறுப்பு. மீதிக்கு நானில்லீங்க, வேற ஆட்டத் தேடுங்க."

ரெண்டு கொடி! இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆடு வரவே இல்லை என்று சாதித்திருந்தால் சாமர்த்தியம் என்றிருப்பார்கள். எல்லாம் என் ஆடுதான் என்று காலில் விழுந்திருந்தால் பாவம் என்றிருப்பார்கள். இரண்டு என்று சொன்னதுதான் அவர்களுக்கு வேடிக்கை. அந்த இரண்டில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அவர் பம்ப் ஹவுஸுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். அதற்கு முன் மற்றப் பெண்களைப்போல மலைச்சரிவில் காப்பிப் பழம் பறித்தவர். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, கணு முறிந்து விழுந்து, முழங்கால் பெயர்ந்துபோனது. கவனமில்லாமல் ஏறினாள் என்று ஆபீசில் சொன்னார்கள். அக்கா கட்டுப்போட்ட காலோடு அந்த ஏணியை இருவரைக்கொண்டு தூக்கிவரச் செய்து ஆபீஸ் திண்டில் சாத்தினார். கணு உள்ளே புழுத்திருந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக பம்ப் ஹவுஸைக் கொடுத்தார்கள். காலையில் மோட்டாரைப் போட வேண்டும், ஓடையிலிருந்து தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், நிறுத்த வேண்டும். லைன் வீடுகளுக்கும் காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் ஷெட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

கொடுத்தார்களே தவிர, அந்த ஏணியை ஆபீஸ் மறக்கவில்லை.

அந்த வேலையை அக்கா எப்படி வைத்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தரை எப்போதும் கழுவி இருக்கும். ஆயுத பூஜை வந்துவிட்டால் பங்களாவில் மிஞ்சிய பெயிண்டைக் கேட்டு வாங்கி, மோட்டாருக்குத் தலைமுதல் கால்வரை அடிப்பார். பல்பர் ஷெட்டு மோட்டாரும் பாவம், அதற்கு யார் இருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு கை அடித்துவிட்டு வருவார். காய்ந்த பிறகு தகட்டின் மேல் பட்டை போட்டுப் பொட்டு வைப்பார். "மொகம் அதுதானுங்க. மத்த எடமெல்லாம் ஒடம்பு." வருஷத்துக்கு ஒரு கோட். பொட்டு வைத்த முகத்தைச் சுரண்டிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? இந்த மலையில் பாதி மோட்டார்கள் அப்படித்தான். தகட்டை எழுத்தாக யாரும் பார்ப்பதில்லை. நெற்றியாகத்தான் பார்க்கிறார்கள்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு மோட்டாரையும், பம்ப் ஹவுஸுடையதையும் பல்பருடையதையும், காயில் கட்டச் சேலத்துக்கு அனுப்பினார்கள். காயில் என்பது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள். இரண்டும் ஒரே பச்சை, இரண்டுக்கும் ஒரே பொட்டு. ஒரே ஜீப்பில் போய் ஒரே ஜீப்பில் மழையில் நனைந்துகொண்டு திரும்பின. எது எங்கே என்று கட்டின இடத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தார்களாம். சாக்பீஸ் மழைக்கு நிற்குமா?

ஃபிட்டர் இடத்துக்கொன்றாக மாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் கடைச் சாமான் கொடுக்க அந்தப் பக்கம் போனபோதெல்லாம் அக்கா ஒரு புகார் வைத்திருந்தார். "மோட்டாரு நொம்பச் சூடாகுதுங்க. ஃபிட்டர் கிட்டச் சொன்னேன், மேனேஜர் கிட்டச் சொன்னேன். நீ என்னைக்குத்தான் கொறை சொல்லலைங்கறாங்க."

நான் போகும் நேரத்தில் மோட்டார் நின்றிருக்கும். ஃபிட்டரிடம் கேட்டதற்கு, "புதுக் காயிலு அம்மிணி, அப்படித்தான் கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்றார். மேனேஜரோ இதைவிடச் சுலபமாக முடித்துக்கொண்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் வந்து தொட்டாவது பார்த்திருப்பார்கள். நானில்லீங்க அக்கா சொன்னால் அது அடுத்த நானில்லீங்கவுக்கான முன்னேற்பாடு, அவ்வளவுதான் அவர்களுக்கு.

தை மாதம். பழம் மும்முரமாக வரும் காலம். பறித்த பழத்தை அன்றன்றைக்கே உரித்துக் கழுவியாக வேண்டும், கிடந்தால் புளித்துப்போகும். அதனால் பம்பு நாள் முழுக்க ஓடியது. சாயங்காலம் மலையில் வோல்டேஜ் தொங்கும். வோல்டேஜ் இறங்க இறங்க, அதே சுமையைத் தூக்க மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். அப்படி ஒரு சாயங்காலம் பம்ப் ஹவுஸிலிருந்து புகை வந்தது.

மறுநாள் காலை, கருகின கேபிளுக்குப் பதில் வேறு வேண்டுமென்று ஆள் வந்தது. நான் போனேன். பம்ப் ஹவுஸ் வாசலில் காலிக் குடங்களோடு லைனே நின்றது. உள்ளே மேனேஜர், ஃபிட்டர், அக்கா. எரிந்த வார்னிஷ் வாடை மூக்கை அறுத்தது.

"மோட்டாரைப் போட்டுட்டு நீ எங்க போனே?" இது மேனேஜர்.

"எங்கயும் போவலீங்க. இந்தப் படியிலதான் குந்தியிருந்தேன்."

"அப்புறம் எப்படி எரிஞ்சது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா நானில்லீங்க."

வாசலில் ஒரு பெண், "ஆமா, மோட்டாரு தானே பீடி பத்த வெச்சுக்கிச்சு" என்றாள். குடங்களோடு சேர்ந்து சிரிப்பும் குலுங்கியது. தண்ணீருக்கு ஓடைவரை இறங்கி ஏறவேண்டிய கோபம் அவர்களுக்கு. அந்தக் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஃபிட்டர் சொன்னார்: "ஓடையில தண்ணி கொறஞ்சதப் பாக்காம வெத்தா ஓட்டியிருப்பா சார். அதுல சூடேறிப் போச்சு."

"அப்படின்னா திங்கக்கிழமையிலிருந்து இவ மலைக்குப் போகட்டும். பம்ப்புக்கு வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

அந்த முழங்காலோடு மலைச்சரிவுக்கு! அக்காவால் லைன் படிக்கட்டையே பக்கவாட்டில்தான் இறங்க முடியும். மலைக்குப் போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லைன் வீடும் இல்லை. அங்கே நின்றிருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். அத்தனை பேரும் தங்கள் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தண்ணியில்லாம ஓடுனா பம்ப்போட சீல்தான் போகும் சார். இறைக்கத் தண்ணியே இல்லைன்னா மோட்டாருக்குச் சுமை குறையத்தான் செய்யும். வெறும் வண்டிய இழுக்கற மாட்டுக்கு முதுகு ஒடியுமா?"

மேனேஜர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"ஒண்டிக்கடை எலக்ட்ரிக் கடைக்காரர் பொண்ணுங்க சார்" என்றார் ஃபிட்டர். "படிச்ச புள்ள. பேசும்."

பேசினேன். "ரிலேவை எத்தனைல வெச்சிருக்கீங்கண்ணா?"

ரிலே என்பது மோட்டாருக்குக் காவல்காரன். மோட்டார் தன் முழுச் சுமைக்கு எத்தனை ஆம்பியர் இழுக்கலாமோ, அந்த எண்ணில் அதன் திருகை நிறுத்த வேண்டும். மோட்டார் அதற்குமேல் இழுத்தால் ரிலே விழுந்து கரண்டைத் துண்டிக்கும். எண்ணைக் கூட்டி வைப்பது காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பதற்குச் சமம்.

"பதிமூணு" என்றார் ஃபிட்டர்.

"ஏன் பதிமூணு?"

"எச்.பி.க்கு ஒன்னரை ஆம்பியர், இது ஊரறிஞ்ச கணக்கு அம்மிணி. ஏழரை எச்.பி.க்குப் பதினொன்னேகால். காயில் கட்டி வந்ததிலிருந்து பொழுதுக்கும் விழுந்துட்டே இருந்துச்சு. பல்பருக்குத் தண்ணி நிக்குதுன்னு சாரு சத்தம் போட்டாரு. கொஞ்சம் தாராளமாத் திருகி வெச்சேன்."

"இது ஏழரைன்னு யார் சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? எப்பவும் ஏழரைதான்."

நான் குனிந்து பார்த்தேன். மோட்டாரின் காலுக்கடியில் ஒரு சில்வர் ஓக் பலகைத் துண்டு. "இந்தப் பலகை எதுக்குங்கண்ணா?"

"காயில் கட்டி வந்தப்ப உசரம் கொஞ்சம் பத்தல. மட்டத்துக்கு வெச்சேன்."

"காயில் கட்டுனா மோட்டார் குள்ளமாயிருமா?"

வாசலில் இந்தமுறை வேறு மாதிரிச் சிரிப்பு எழுந்தது. ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பையில் உப்புத்தாளும் பிளேடும் இருந்தன. பொட்டைத் துடைத்துவிட்டு முகத்தைச் சுரண்டினேன். பச்சை வந்தது, அதற்கடியில் இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் பாசி மாதிரி ஒரு பழைய பச்சை. கடைசியில் தகடு பளபளத்தது. சத்தமாக வாசித்தேன். ஐந்து எச்.பி. முழுச் சுமைக் கரண்ட் ஏழரை ஆம்பியர்.

ஏழரை இருந்தது, ஆனால் ஆம்பியரில்! என் வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. தகடு பொய் சொல்லலாம் என்று எவனும் கிளம்பிவிடக் கூடாதென்று, கதவில் சாக்பீஸால் கணக்கையும் போட்டேன். ஒரு குதிரைத்திறனுக்கு எழுநூற்று நாற்பத்தாறு வாட். ஐந்துக்கு மூவாயிரத்து எழுநூற்று முப்பது. அதை வோல்ட் நானூற்றுப் பதினைந்தாலும், மூன்று ஃபேஸுக்கான ஒன்று புள்ளி ஏழு மூன்றாலும், பவர் ஃபேக்டர் புள்ளி எட்டாலும், மோட்டாரின் திறன் புள்ளி எட்டு ஐந்தாலும் வகுத்தால் ஏழரைக்குச் சற்று மேல். "பாருங்க சார். ஃபிட்டரண்ணன் ஊரறிஞ்ச கணக்குன்னு சொன்னாரே, அதுலயும் அஞ்சு எச்.பி.க்கு ஏழரை ஆம்பியர்தான் வருது. வாய்ப்பாடு தப்பில்ல. எந்த மோட்டாருக்குன்னு பாக்காமச் சொன்னதுதான் தப்பு. இது பல்பர் ஷெட்டு மோட்டார். மாத்தி மாட்டியாச்சு, அதான் உசரம் பத்தல. ஏழரைக்கு மேல இழுக்கக் கூடாத மோட்டாருக்குப் பதிமூணு வரைக்கும் இழுத்துக்கோன்னு ரிலேவைத் திருகி வெச்சாச்சு. அது பதினொன்னு, பன்னெண்டுன்னு இழுத்து இழுத்தே செத்திருக்கு. சூடாகுது சூடாகுதுன்னு இந்தக்கா மழைக்காலத்திலிருந்து கத்தறாங்க. ஒருத்தர் வந்து தொட்டுப் பார்த்திருந்தாப் போதும்."

வாசலில் குடங்கள் தரையில் இறங்கின. அக்கா கதவிலிருந்த எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

மேனேஜர் மோட்டாரிடம் குனிந்தார். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். பச்சைத் தூளை விரலிலிருந்து ஊதினார்.

"தகட்டு மேல பெயிண்ட் அடிச்சது யாரு?"

ஃபிட்டர் உத்தரத்தைப் பார்த்தார். மேனேஜர் அந்த எஸ்டேட்டுக்கு வந்து இரண்டாவது அறுவடைதான். பெயிண்ட் பங்களாவுடையது. பிரஷ் ஸ்டோருடையது. யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். தெரிந்தவர்கள் வாசலில் நின்றவர்கள்தான். அவர்கள் அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள், அது எனக்கு நிச்சயம். இதுநாள்வரை ஊரே கேலி செய்த அந்த ஒரு வார்த்தையை அக்கா சொல்லவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நான் மனசுக்குள் அதை அவருக்காகச் சொல்லிக்கூட முடித்துவிட்டேன்.

"நாந்தாங்க" என்றார் அக்கா.

அந்த லைனில் யாரும் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

"வருசா வருசம் நாந்தாங்க அடிக்கறேன். தகட்டு மேலயும் சேத்துத்தான் அடிச்சேன். அதுல எழுத்து இருக்குதுன்னு தெரியாதுங்க. பெயிண்ட் அடிச்சது நான். மாத்தி மாட்டுனது நானில்லீங்க. திருகுனது நானில்லீங்க. சூடாகுதுன்னு நான் வந்து சொன்னப்ப..."

"போதும்" என்றார் மேனேஜர். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். "ஒத்துக்கிட்டா பாத்தீங்களா? தகடு தெரிஞ்சிருந்தா ஃபிட்டர் ஏன் தப்பா மாட்டப்போறான்? இவ அடிச்ச பெயிண்ட்டாலதானே எல்லாம். திங்கக்கிழமையிலிருந்து மலைக்கு. ஏம்மா, நீ கேபிளைக் குடுத்துட்டுக் கிளம்பு."

நான் கத்தினேன். பெயிண்ட் மோட்டாரை எரிக்காது என்றேன். தகடு மறைந்திருந்தால் சுரண்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது, சுரண்டத் தோன்றாதவர் சம்பளம் வாங்கும் ஃபிட்டர் என்றேன். ரிலே விழுந்தபோதெல்லாம் அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, அதன் வாயை அடைத்தது நீங்கள் போட்ட சத்தம் என்றேன். அதற்குள் அவர் ஜீப்பில் ஏறியிருந்தார். ஃபிட்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "உடு அம்மிணி. அதுவே ஒத்துக்கிச்சு, உனக்கென்ன?" என்றார். இத்தனைக்கும் கெட்டவரல்லர். அவர் குரலில் இருந்ததும் நிம்மதிதான்.

நிறையப் பேர் சேர்ந்து செய்த தப்பில் ஒருவர் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால், மீதியையும் அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம். அதற்குமேல் வேறு ஆளைத் தேடவேண்டிய அவசியம் நமக்கு இருப்பதில்லை. இதற்கு எந்த ரிலேவும் விழுவதில்லை.

அக்கா திங்கட்கிழமை மலைக்குப் போகவில்லை. மாரமங்கலத்தில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்காக நின்றவரைக் கடையிலிருந்தே பார்த்துவிட்டு ஓடினேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு மூட்டை, கயிற்றில் அந்த ஆடு.

"ஏனுங்க்கா அப்படிச் சொன்னீங்க? யாரும் காட்டிக்குடுத்திருக்க மாட்டாங்க."

"அடிச்சது நாந்தானே கண்ணு."

"அதனாலதான் உங்க ஊடு போச்சு."

அக்கா ஆட்டின் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "அதப் போயி நானில்லீங்கன்னு சொல்லியிருந்தா, அப்பறம் இத்தன வருசமா நானில்லீங்கன்னு சொன்னதெல்லாம் என்னாவறது? எல்லாமே பொய்யின்னு ஆயிப்போகாது?"

"இப்ப மட்டும் யாரு நம்பறாங்க?"

"நீ நம்புனே இல்ல. கதவுல எழுதினே இல்ல." பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "நீ என்னத்துக்குச் சாமி அழுவறே? நீயா திருகுனே?"

பஸ் வந்தது. அதே கண்டக்டர். "ஏறுக்கா. இன்னைக்கு டயரு போச்சுன்னா உன்னத்தான் புடிப்பேன்."

"என்ற மூட்டைக்கும் ஆட்டுக்கும் மட்டுந்தான்" என்று சொல்லிக்கொண்டே, வலிக்கிற காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்த எஸ்டேட்டுக்கு மறுபடியும் போகவேண்டி வந்தது. பம்ப் ஹவுஸில் புது ஆள். காயில் கட்டி வந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஐந்து எச்.பி. மோட்டார்தான். பல்பர் ஷெட்டிலிருந்து பெரியதை எடுத்துவந்து மாற்றினால் பழம் உரிக்கிற வேலை ஒருநாள் நிற்குமாம், அதனால் சின்னதையே இங்கே மறுபடியும் மாட்டிவிட்டார்களாம். பலகைத் துண்டும் அதே இடத்தில் இருந்தது. கதவில் என் கணக்கை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். ரிலே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். ரிலேவின் திருகு பதிமூன்றில் நின்றது.

ஃபிட்டர் இருந்தார். புது ஆள் இருந்தார். வாசலில் குடங்களோடு லைன் பெண்கள் இருந்தார்கள். மேனேஜரின் ஜீப்புகூட மேலே ரோட்டில் நின்றது.

"இதை மறுபடியும் திருகி வெச்சது யாரு?" என்று கேட்டேன். ரோடுவரை கேட்கும்படியாகத்தான் கேட்டேன்.

மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானில்லீங்க என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.